பேப்பர் வந்துச்சா?

ஊரின் ஒரே செய்தித்தாள் நின்றுபோன வாரத்திலிருந்து அங்கே செத்தவர்கள் யாரும் போகவில்லை. முதலில் போகாமல் நின்றவர் ஒரு தையல்காரர். அவரை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பியவர்கள், அவர் தங்களுக்கு முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். அவர் சாப்பாடு கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. வாசலைப் பார்த்து, "பேப்பர் வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் தலையை ஆட்டிவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்து ஒரு பள்ளிக்கூட டீச்சர், அதற்கடுத்து ஒரு பிளம்பர். நாடி இல்லை, செத்தது செத்ததுதான் என்று டாக்டர்கள் சான்றிதழ் எழுதித் தந்தார்கள். சான்றிதழை யார் மதித்தார்கள்? அந்த ஊரில் ஒரு சாவு சாவாக வேண்டுமென்றால், அது பேப்பரின் கடைசிப் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் வந்தாக வேண்டும். யாருக்கும் நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். செத்தவர்களுக்கு மட்டும் புது வழக்கத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டவளை ஆபீசில் கட்டத்து அக்கா என்பார்கள். வேலை சின்னதுதான். சாவு வீட்டிலிருந்து போன் வரும். பெயர், வயது, தொழில், விட்டுச்சென்ற உறவுகள் என்று வரிசையாகக் கேட்டு டைப் செய்வாள். படத்துக்கு உரிய இடத்தில் 'படம் இங்கே' என்று போட்டு வைப்பாள். பக்கம் அமைப்பவர் பிறகு அங்கே முகத்தை ஒட்டுவார். எல்லாம் முடிந்ததும் முழுவதையும் போனிலேயே திருப்பி வாசித்துக் காட்டுவாள். வீட்டுக்காரர் "சரி" என்று சொல்ல வேண்டும். அந்தச் 'சரி' இல்லாமல் எந்தக் கட்டமும் அச்சுக்குப் போனதில்லை. ஒரே ஒருமுறை மார்க்கெட் வாட்ச்மேன் ஒருவர் செத்தபோது, சொந்தம் என்று சொல்ல அவருக்கு யாரும் இல்லை. கட்டம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அவளே ஒரு வரி சேர்த்தாள்: 'ஒவ்வொரு கடைப் பூட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டு, அதனிடம் தூங்கு என்று சொல்லிவிட்டுப் போவார்.' ஆசிரியர் அதைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். கோபமெல்லாம் இல்லை, சும்மா சொன்னார்: "நீ கேட்டு எழுதுறவம்மா. எழுதுறவ இல்ல." அவர் அதை அன்றே மறந்திருப்பார். அவளுக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. பிறகு அவள் சொந்தமாக ஒரு வரிகூட எழுதவில்லை.

அவளுக்கென்று இருந்தது ஒரு தங்கைதான். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள், வாயும் நன்றாகவே தேய்த்து வைத்த வாய். பேப்பர் மூடியதும் அக்கா ஒருநாள் தயங்கித் தயங்கி, இப்போதெல்லாம் ஆளாளுக்கு நியூஸ்லெட்டர் நடத்துகிறார்களாமே, எழுதி ஒரு பட்டனைத் தட்டினால் எல்லார் போனுக்கும் போய்விடுமாமே என்று ஆரம்பித்தாள். தங்கை தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நடத்தேன். பேர், வயசு, தொழில்னு காவியமே எழுதிருவ," என்றாள். இருவரும் சிரித்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டே லேப்டாப்பை மூடிவைத்தாள். சில வாரங்கள் கழித்துத் தங்கை கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். அக்கா அடக்கம் முடிந்து வந்து கதவைத் திறந்தபோது அவள் சாப்பாட்டு மேசையில், தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "பேப்பர் வந்துச்சா?" என்றாள். அக்கா கதவில் சாய்ந்துகொண்டு ஓவென்று அழுதாள். துக்கத்தால் அல்ல. உள்ளதைச் சொன்னால், அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் அதுவரை வந்ததில்லை.

ஊருக்கு அப்படி இல்லை. செத்தவர்கள் பழக்கம் மாறாமல் வேலைக்குப் போய்வந்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை, உயிரோடு இருப்பவர்கள்தான் நின்றுகொண்டு போனார்கள். வங்கி வரிசையில் முன்னால் நிற்பவர் எந்தக் கட்சி என்று தோளைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. நாற்றம் இல்லை, தொந்தரவு இல்லை, ஆனால் அவர்களுடைய கண்கள் மூடவில்லை. அதுதான் கொடுமை. தூங்கத் தெரியாமல், இமைக்க முடியாமல், கண்ணில் தூசி படிந்து அவர்கள் மெல்ல மெல்லக் களைத்துப்போனார்கள். பெற்ற பிள்ளைகளே ஓரிரு மாதத்தில் அலுத்துக்கொண்டார்கள். நகராட்சி ஒரு பழைய சிமெண்ட் குடோனைத் திறந்துவிட்டது. பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் தங்கள் ஆட்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். குடோன் பக்கமாகப் போகிறவர்களுக்கு உள்ளிருந்து ஒரே கேள்வி பல குரல்களில் கேட்கும். ஜனங்கள் அந்தத் தெருவையே தவிர்த்தார்கள்.

பஸ் டிரைவர் ஒருவர் ஒருநாள் சாயங்காலம் அவளைத் தேடி வந்தார். அவருடைய அப்பா முடி வெட்டுகிறவர். செத்த நாள்முதல் மகன் ஓட்டும் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேப்பர் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு தன்னால் ஸ்டீயரிங் பிடிக்க முடியவில்லை என்றார். பேப்பர் இல்லாவிட்டால் என்ன, கட்டம் போட்ட கை இருக்கிறதே, போனில் வந்தாலும் பேப்பர் பேப்பர்தானே என்று கெஞ்சினார். நான் எழுதுகிறவள் இல்லை என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில், ஆளை அனுப்பினால் போதும் என்று, பழைய வழக்கப்படி பெயர், வயது, தொழில் கேட்டு டைப் செய்து, திருப்பி வாசித்து, அவரிடம் 'சரி' வாங்கி, டிப்போ ஆட்களின் போன்களுக்கு முதல் மடலை அனுப்பினாள்.

பழக்கதோஷம் யாரை விட்டது? முகத்தை ஒட்டுகிறவர் இப்போது இல்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை. 'படம் இங்கே' என்பது அப்படியே போய்விட்டது. மறுநாள் காலையில் முன்சீட்டில் முடிவெட்டுகிறவர் உட்கார்ந்திருந்தார், முகம் மட்டும் இல்லை. கழுத்துக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். அதற்குள்ளிருந்து குரல் வந்தது, அதே கேள்வி. டிரைவர் சண்டை போட வரவில்லை. வாசலிலேயே நின்றார். "அப்பா எங்கிட்ட அதிகம் பேசினதில்லக்கா. முகத்தப் பாத்துத்தான் கோவமா இருக்காரா இல்லையான்னு தெரிஞ்சுக்குவேன்," என்றார். பிறகு அப்பாவைக் குடோனில் விடப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவள் லேப்டாப்பைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தாள். ஆசிரியர் சொன்னது எவ்வளவு சரி என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அந்த வருடத்தின் மழைக்காலம் முழுக்க அவள் வீட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. ஈரத்துணியால் தங்கையின் கண்களைத் துடைப்பாள், எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள். ஒரு விதத்தில் அவளுக்கு அது வசதியாகவும் இருந்தது.

மழை விட்டபின் மனசு கேட்காமல் குடோனுக்குப் போனாள். உள்ளே வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களின் கண்கள் அவள் கையைத்தான் பார்த்தன, அதில் பேப்பர் இருக்கிறதா என்று. மூலையில் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. முகமில்லாத மனிதர் செத்தவர்களுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். கண் இல்லாததால் இடது கையால் தடவித் தடவி, காது எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதை விரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டு வெட்டினார். அவள் வெகுநேரம் நின்று பார்த்தாள். இந்த மனிதருடைய முகத்தைத் தன்னுடைய இரண்டு சொற்கள் துடைத்துவிட்டன என்றால், தான் எழுதுவது எதையோ செய்கிறது என்றுதானே அர்த்தம்? இது ஆறுதல் இல்லை, பயம்தான். ஆனால் எழுதத் தெரியாது என்று இனிமேல் சொல்வது பச்சைப் பொய் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து லேப்டாப்பை இறக்கினாள். மறுபடி எழுத உட்கார்ந்தாள். மகன் நல்ல மதிப்பெண் வாங்கினால் தந்தையின் வலது புருவம் மட்டும் உயரும் என்பதை டிரைவரிடம் கேட்டு எழுதினாள். கேட்காமல் தன் சொந்த வரி ஒன்றும் சேர்த்தாள்: 'முகம் இல்லாத மாதங்களிலும் அவர் யாருடைய காதிலும் கத்தரி பட விட்டதில்லை.' படத்தை இரண்டு முறை சரிபார்த்தாள். போனில் வாசித்துக் காட்டினாள். டிரைவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி" என்றார். மடல் போன மத்தியானம் குடோன் மூலையில் முகம் திரும்பி வந்தது, வலது புருவம் உயர்ந்தது, கண்கள் மூடின. தரையில் கத்தரிக்கோல் மட்டும் கிடந்தது.

அதன்பிறகு திங்கட்கிழமைதோறும் மடல் வந்தது. பூட்டுகளைத் தூங்கச் சொன்ன வாட்ச்மேனுக்கும் அவள் தாமதமாக ஒரு கட்டம் போட்டாள். அவர் எப்போதோ போய்விட்டவர், இருந்தாலும் போட்டாள். ஆசிரியரும் ஒருநாள் செத்தார். மூடிக் கிடந்த ஆபீஸ் ஷட்டர்முன் நின்று, வேறு யாரையும்விடப் பதற்றமாக, பேப்பர் வந்ததா என்று கேட்டார். அவள் அவரைப் பற்றி எழுதினாள்: 'அடுத்தவர் வரிகளை அடிக்கத் தெரிந்தவர். பேப்பரை மூடிய அன்று, சிவப்புப் பேனாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாள் முழுவதும் கையிலேயே வைத்திருந்தார்.' ஆசிரியரின் மனைவி எதையும் அடிக்காமல் 'சரி' என்றார். குடோன் காலியாகிக்கொண்டே வந்தது. பஸ்ஸில் ஜனங்கள் உட்கார்ந்து போனார்கள். ஊர் அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

கடைசியில் போகாமல் மிச்சமிருந்தது தங்கை ஒருத்திதான். அவளைப் பற்றி எழுத அக்கா தினமும் உட்கார்ந்தாள், தினமும் அழித்தாள். கேட்கிறவர்களிடம், மற்றவர்களைப் பற்றி எழுதலாம், இவளைப் பற்றி எழுத எனக்கு வராது, எனக்கு என்ன எழுதத் தெரியும் என்றாள். தங்கையின் குரல் தேய்ந்து மூச்சாகிவிட்டது. கண்ணில் வெண்மை போய் மேசைத் தூசியின் நிறம் வந்துவிட்டது. துடைத்தாலும் போகவில்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பார்வைக்காக உழைத்தவளின் கண்கள் அவை. பஸ் டிரைவர் ஒருநாள் வந்து, மேசையருகே நின்று தங்கையைப் பார்த்தார். "தெரியாதுன்னு இன்னமும் சொல்லாதீங்கக்கா," என்றார் மெதுவாக. "அது பழைய காரணம். இப்ப உங்களுக்கு அனுப்ப மனசில்ல. பாவம், அவங்களுக்கு வலிக்குது."

அவர் சொன்னது அவளைச் சுட்டது. அவர் போனபின் அவள் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள். ஊரில் யாருக்கு எந்தக் காது ஒரு நூல் உயரம் என்று தங்கைக்குத் தெரியும் என்று எழுதினாள். கண்ணாடி வாங்க வருபவர்களிடம் அதைச் சொல்லாமலேயே ஃபிரேமின் ஒரு பக்கத்துக் காலை வளைத்துக் கொடுத்துவிடுவாள் என்று எழுதினாள். வாய் துடுக்கு என்றும், அந்த வாய் இல்லாத வீடு வீடாக இருக்காது என்றும் எழுதினாள். விட்டுச்சென்ற உறவு என்ற இடத்தில் 'ஒரு அக்கா. அவளுக்கு எழுத வராது என்று இவள் கடைசிவரை கேலி செய்தாள்' என்று முடித்தாள். வழக்கப்படி வாசித்துக் காட்ட வேண்டும். போன் செய்ய இருவருக்கும் வேறு ஆள் இல்லை. அதனால் எதிரே பார்த்து உரக்க வாசித்தாள். வாசித்து முடித்ததும் காத்திருந்தாள்.

செத்த நாள்முதல் ஒரே கேள்வியைத் தவிர வேறெதுவும் பேசாத தங்கை, உதட்டை அசைத்தாள்.

"சரி," என்றாள். "போடு."

அக்கா பட்டனைத் தட்டினாள். இமைகள் இறங்கின. மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலி மட்டும் இருந்தது.

இப்போது அந்த ஊரில் செத்தவர்கள் அடுத்து வரும் திங்கட்கிழமை போய்விடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை சாகிறவர்கள் கொஞ்சம் அதிகமாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, வீட்டில் உள்ளவர்கள் அவர்களுக்கு ஜன்னலோரம் நாற்காலி போட்டு வைக்கிறார்கள். சிமெண்ட் குடோனில் மறுபடி சிமெண்ட் வைத்திருக்கிறார்கள். கட்டத்து அக்கா வீடுகளிடம் 'சரி' வாங்கியபின், மடலை ஒருமுறை தங்கையின் காலி நாற்காலியைப் பார்த்தும் வாசிக்கிறாள். அங்கிருந்து யாரும் சரி என்று சொல்வதில்லை. சற்று நேரம் பார்க்கிறாள், பிறகு அனுப்பிவிடுகிறாள்.