பின்சந்தில் ஒரு லாரி வாசல்

கினுவேயின் டோஃபு கடை பின்சந்தில் இருந்தது. வாசலிலேயே தண்ணீர்த் தொட்டி. அதில் சோயாப் பாலை உறையவைத்துச் செய்த டோஃபு கட்டிகள் வெள்ளை வெளேரென்று கிடக்கும். முன்பக்கக் கடைவீதியை ஒட்டிப் பன்னிரண்டு மாடிக் கட்டடம் எழும்பப் போகிறது. மண் லாரிகள் எந்தப் பக்கம் வரும் என்பதுதான் அவள் கவலை. தூசி விழுந்த தொட்டியிலிருந்து யார் வாங்குவார்கள்?

அதைக் கட்டும் கம்பெனி கூட்டிய கூட்டத்துக்கு முந்தின நாள், வியாபாரிகள் சங்கத் தலைவர் ஹசுனுமா வந்தார். மதுக்கடைக்காரர், பேச்சில் தேன் ஒழுகும்.

"கினுவேம்மா, நாளைக்கு எந்திரிச்சுக் கேள்வி கீள்வி கேட்டுவெச்சிராத. வந்தவங்க முகம் வாடிப்போயிரும். உன் விஷயத்த நான் உள்ளயே பேசிட்டேன்."

"லாரி என் பக்கம் வராதுல்ல, தலைவரே?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

அந்த ஊரில் கூட்டம் என்பது பேசுவதற்கான இடமில்லை. பேச வேண்டியதையெல்லாம் முன்னமே வீடு வீடாகப் போய்ப் பேசி முடித்திருப்பார்கள். கூட்டத்தில் வாய் திறப்பவன் எல்லாருக்கும் ஆகாதவன். கினுவேயும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பெனிக்காரர் மிசோகுச்சி வரைபடத்தைக் காட்டி என்னென்னவோ சொன்னார். அவள் இருந்த பின்வரிசைக்குக் கோடுகள் மட்டும் தெரிந்தன. ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் தலைவர். வழக்கப்படி எல்லாரும் எழுந்து ஒரே தட்டாகக் கைதட்டிக் கூட்டத்தை முடித்தார்கள். அவளும் தட்டினாள்.

அடுத்த வாரம் மிசோகுச்சி, வேலை தொடங்குமுன் அக்கம்பக்கத்தாருக்கு மரியாதைக்குக் கொடுக்கும் கைத்துண்டோடு வந்து நின்றார்.

"நாளையிலேர்ந்து லாரியெல்லாம் உங்க சந்து வழியாத்தான் வரும். கொஞ்சம் பொறுத்துக்கணும்ங்க."

"யாரைக் கேட்டு?"

"சங்கத்தைத்தாங்க. நீங்களும் கைதட்டினீங்களே." இடுப்பு வரை குனிந்து வணங்கினார். "குறை இருந்தா தலைவர்கிட்ட சொல்லுங்க. நாங்க சங்கத்தோட மட்டும்தான் பேசுவோம்."

மதுக்கடைக்கு ஓடினாள். ஹசுனுமா புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேசிட்டேன்னு சொன்னீங்களே?"

"பேசினேம்மா. கடைவீதியில லாரி விட்டா நாப்பது கடை படுத்துரும்னு எல்லாரும் ஒத்தக்கால்ல நின்னாங்க. யாராவது ஒருத்தர் தாங்கித்தானே ஆகணும்?"

"அது ஏன் நானா இருக்கணும்?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "மத்தவங்கன்னா சண்டைக்கு வருவாங்க. நீ நல்லவ."

அத்தனை வருஷம் பாடுபட்டு அந்த வீதியில் வாங்கிய பேர் அது. அதைக் கேட்டு அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளுக்கு அவமானமாக இருந்தது.