இரண்டு பேர் எடை

இரண்டில் எதைச் செய்தாலும் பின்னால் ஒரு சீட் இருக்கத்தான் போகிறது. பழைய வண்டிக்குச் சைடு வீல் மாட்டினாலும் இருக்கும், அதைத் தள்ளிவிட்டு ஸ்கூட்டி எடுத்தாலும் இருக்கும். அதைப் பற்றி இவர்கள் யாரும் பேசப்போவதில்லை.

ஏஞ்சல் இப்படி நினைத்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வஹாபின் மெக்கானிக் கடையில் கவிழ்த்துப் போட்ட டின் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் புருஷனின் ஊன்றுகோல். புருஷன் சாமுவேல் எதிரே பெஞ்சில் இருந்தான். வலது முழங்காலுக்குக் கீழே மடித்து ஊக்கு குத்தியிருந்த பேன்ட்டைத் தடவித் தடவிச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"பாரு சாமுவேலு," என்றார் வஹாப். "எடது காலு நல்லா கீது, கியர் போட்டுடுவ. பின்னாடி பிரேக்க நான் கைக்கு மாத்திக் குடுத்துடறேன். ரெண்டு பக்கமும் வீல் மாட்டிட்டா சாயாது. வேணான்னா ஸ்கூட்டி எடு. அதுல எல்லாமே கையிலதான், காலுக்கு வேலையே இல்ல."

"ஸ்கூட்டியா? அது பொம்பளைங்க ஓட்டறது பாய்."

கூட வந்திருந்த சாமுவேலின் அக்கா மார்த்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். "காலு போயும் கெத்து போவல பாரு இவனுக்கு. டேய், இந்த வண்டிதான உன்னக் கவுத்துச்சி? அதுக்கே நாலு காலு வெச்சி வூட்டுக்கு இட்டுகினு போவணுமா?"

"நாலு காலு வெச்சா அது வண்டி இல்ல மார்த்தா, எரும," என்றார் வஹாப்.

எல்லோரும் சிரித்தார்கள். ஏஞ்சலும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் தன் உதடு விரிந்தது என்பதை அவளே கவனித்தாள். இப்போதெல்லாம் அவளுக்கு எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. சிலது வருவதே இல்லை.

சாமுவேல் கொத்தனார், அவள் சித்தாள். கல்யாணமான நாளிலிருந்து காவாந்தண்டலத்திலிருந்து இந்த வண்டியில்தான் ஜோடியாக வேலைக்குப் போனார்கள். சனிக்கிழமை கூலி வாங்கியதும் அவன் பிராந்திக்கடைக்குள் போவான். ஜோடியாக வேலைக்கு வரும் எல்லாப் பெண்களையும் போல அவளும் சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வண்டிக்குக் காவல் நிற்பாள். அவன் வந்து கிளப்பியதும் ஏறிக்கொள்வாள். 'மெதுவாப் போய்யா' என்று சொன்னால் வேகம் கூடும். சொல்லாமல் வந்தால் சில நாள் அவனாகவே குறைப்பான். அதனால் சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டாள். அவன் சட்டைக் காலரில் பிரிந்திருக்கும் தையலை மட்டும் பார்த்துக்கொண்டு வருவாள்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, ஏரிக்கரைத் திருப்பத்தில் எதிரே நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் வந்தது. அன்று மட்டும் 'மெதுவாப் போய்யா' என்று அவள் வாயில் வந்துவிட்டது. அவன் ஆக்ஸிலேட்டரை முறுக்கினான்.

அவள் கரைச் சரிவில் புல்லில் போய் விழுந்தாள். எழுந்து நின்றதும் முதலில் தேடியது தூக்கின் மூடியைத்தான். டிராக்டர்காரன் மேலே கத்திக்கொண்டிருந்தான். அவள் குனிந்து புல்லை விலக்கிக்கொண்டிருந்தாள். மூடி கிடைத்ததா என்பது இன்றுவரை நினைவில்லை.

"பின்னால ஒக்காந்துகினு வந்தவளுக்கு ஒரு கீறல்கூட இல்ல பாரு," என்று ஆஸ்பத்திரியில் வைத்து மார்த்தாள் சொன்னாள். "தொணதொணன்னு பேசிகினே வந்துருப்பா." அதைக் கேட்டுக் கோபம் வரும் என்று ஏஞ்சல் காத்திருந்தாள். வரவில்லை. அழுகையும் வரவில்லை. பால் வாங்கப் போனாள்.

அதற்குப் பிறகு ஊர்ப் பெண்களோடு ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போகிறாள். அதில் சந்தோஷம் என்று ஒன்றும் இல்லை. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது வயிறு இறுகாமல் இருப்பதைக் கவனித்தாள். இத்தனை வருஷமும் அது இறுகியே இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நீ இன்னா சொல்ற ஏஞ்சலு?" என்றாள் மார்த்தாள். "உங்குடும்பந்தான? வாயத் தொறயேன்."

"எதுனாலும் சரி அண்ணி."

"இவகிட்ட போய்க் கேட்டேன் பாரு."

வஹாப் எழுந்து மூலையில் சாக்கு போட்டு மூடியிருந்த ஒரு ஜோடி சைடு வீலை இழுத்து வந்தார். "வேற ஒருத்தருக்குப் பண்ணது. சும்மா மாட்டறேன். ஏறி ஒக்காந்து பாரு. ஒத்து வரலன்னா ஸ்கூட்டிக்குப் போயிடு." வண்டிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குந்தி உட்கார்ந்து போல்ட்டுகளை முடுக்கினார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: "ஒத்த ஆளா, டபுள்ஸா?"

"எதுக்கு பாய்?"

"ஆள் ஏறாம ஒசரம் வெக்கக் கூடாதுப்பா. ஓட்டறவங்க வெயிட்டுக்கு ஸ்பிரிங் அமுங்கணும், அப்பதான் லெவல் புடிக்க முடியும். ரெண்டு பேர் போற வண்டின்னா ரெண்டு பேரும் ஏறணும்."

"டபுள்ஸ்தான்," என்றான் சாமுவேல். "அவ இல்லாம நான் எங்க போவப்போறேன்? இன்னொரு விசயம் பாய். நான் குடிய வுட்டுட்டேன். அவளையே கேளு."

உண்மைதான். அவன் குடித்து மாதங்கள் ஆகின்றன. நடுவில் ஒருநாள்கூட இல்லை. நல்ல விஷயம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததோடு சரி. பக்கத்து வீட்டு விசேஷத்தைக் கேட்டுக்கொள்வதுபோல அதைக் கேட்டுக்கொண்டாள்.

மார்த்தாள் ஒரு பக்கமும் வஹாப் ஒரு பக்கமும் தாங்க, சாமுவேல் வண்டியில் ஏறினான். வீல்கள் தரையைத் தொட்டு நின்றன. சாயவில்லை. இரண்டு கையையும் ஹேண்டில்பாரில் வைத்ததும் அவன் முதுகு நேரானது. கட்டில் ஓரத்தில் கூனி உட்கார்ந்திருந்தவன் இவன்தானா என்று இருந்தது.

"யக்கா, இதான் எனக்கு. ஸ்கூட்டியெல்லாம் பேஜாரு," என்றான். முகமெல்லாம் பல்லாக இருந்தது. பின்னால் கையைக் கொண்டுபோய்ச் சீட்டில் தட்டினான். "வா மே. ஏறு."

ஏஞ்சல் எழுந்தாள். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் போனாள். சவரம் செய்த கழுத்தும் புதுச் சட்டையின் காலரும் தெரிந்தன. ஊன்றுகோலை அவன் கைக்கு எட்டும்படி தூணில் சாய்த்து வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"ஏறும்மா," என்றார் வஹாப், கையில் ஸ்பேனரோடு.

"நான் ஏறலண்ணா."

"அடி, வண்டி ஓடவே இல்ல, நின்னுகினுதான கீது," என்றாள் மார்த்தாள். "சும்மா வெயிட் பாக்கறதுக்கு."

"தெரியும் அண்ணி."

சாமுவேல் திரும்பிப் பார்க்க முயன்றான். ஊன்றிக்கொள்ள வலது கால் இல்லாததால் பாதிதான் திரும்ப முடிந்தது. "இன்னாமே?" என்றான். குரலில் அதட்டல் இல்லை. இருந்திருந்தாலும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் வஹாபைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு ஆளுக்கே வெச்சிடுங்கண்ணா. நான் ஆட்டோவுல போயிக்கிறேன்."