மூட்டத்தில் வைத்த அத்தி

வில்லியனூரில் வாழை மண்டி வைத்திருக்கும் ஜெகநாதன், ஒரு பொருளை வாங்கியே தீர்வது என்று முடிவு செய்துவிட்டால் அந்தப் பொருளின் பக்கமே திரும்ப மாட்டார். பக்கத்தில் கிடக்கும் வேண்டாத பொருளைத் தட்டிப் பார்ப்பார். மழை எப்போது வரும் என்று விசாரிப்பார். கிளம்புகிறவர் போலச் செருப்பில் காலை நுழைப்பார். விற்கிறவன் பயந்துபோய் அவனாகவே இறங்கி வருவான். மருமகன் நவநீதனையும் அவர் இந்த வழியில்தான் பிடித்தார். விவசாயம் படித்த பையன், தகப்பன் இல்லை, பின்னால் வந்து கேட்க ஆள் இல்லை, மகள் நிவேதாவும் ஆசைப்பட்டுவிட்டாள். உள்ளுக்குள் சந்தோஷம் பிடிபடவில்லை என்றாலும் பல மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். கடைசியில் மனமிரங்கிச் சம்மதித்தவர் போல ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மகளைப் பிரிந்து அவரால் இருக்க முடியாது. மாப்பிள்ளை வீட்டோடு இருந்துகொண்டு கொஞ்ச நாளைக்கு மண்டியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்தக் கொஞ்ச நாள் மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

சம்பளமும் கேட்காமல் கல்லாவிலும் கை வைக்காமல் இருக்கக்கூடியவை உலகத்தில் இரண்டுதான். ஒன்று கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் சாமி படம், இன்னொன்று வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை. சாமி படம் லாரியில் ஏறித் தொட்டியம் போய் வாழைத்தார் பார்த்து வாங்கி வராது. ஆகவே ஜெகநாதன் சாமி படத்துக்கு ஒரு ஊதுவத்தியோடு நிறுத்திக்கொண்டு, மாப்பிள்ளைக்கு வேளாவேளைக்குச் சோறும் வாய் நிறைய மரியாதையும் கொடுத்து வந்தார்.

நவநீதன் வேறு எதற்கும் வாய் திறக்கிற ஆள் இல்லை, அத்தியைத் தவிர. பிரான்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய ஜோஸ்பின் அம்மா, ஈரக் காகிதத்தில் சுற்றிய சில குச்சிகளை அவருக்குக் கொடுத்திருந்தார். நாட்டு அத்தி இல்லை, சீமை அத்தி. அதிலும் பிளாக் மடீரா என்று ஒரு கறுப்பு ஜாதி. பணம் கொடுத்தாலும் லேசில் கிடைக்காத குச்சி என்றார்கள். பாதி காய்ந்துபோயிற்று, மீதி பிழைத்தது. நீல டிரம்களைக் குறுக்கே அறுத்து, மொட்டை மாடியில் வரிசையாக வைத்து வளர்த்தார். காலையில் மண்டிக்குப் போவதற்கு முன்னால் அவற்றோடுதான் இருப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் தெரிகிற களை மண்டியில் தெரிவதில்லை என்பதை ஜெகநாதன் கவனித்து வைத்திருந்தார்.

"அத்தின்னா உள்ள பூச்சி இருக்கும் மாப்ள," என்பார். "பிஞ்சுல பறிச்சா பொரியலாவது ஆவும்."

நவநீதன் சிரித்துக்கொண்டு போய்விடுவார். நிவேதா போகமாட்டாள். ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது விஷயத்தை உடைத்துவிட்டாள். உறுவையாற்றில் அப்பாவுக்குச் சொந்தமாகச் சும்மா கிடக்கும் ஒரு காணி நிலத்தில் அத்தித் தோப்பு போடப் போகிறார்களாம். புதுச்சேரி ஓட்டல்காரர்கள் கறுப்பு அத்தியைக் கொத்திக்கொண்டு போவார்களாம். அங்கேயே ஓட்டு வீடு இருக்கிறது, அதைச் செப்பனிட்டுக்கொண்டு இருவரும் குடி போய்விடுவார்களாம். ஜெகநாதன் மனைவியைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லாத விசாலாட்சி, ரசத்தை ஊற்றிக்கொண்டே, சின்னஞ்சிறுசுகள் தனியாக இருந்து பார்க்கட்டுமே என்றார்.

வீடே ஒரு பக்கம் சேர்ந்து நிற்கும்போது முடியாது என்பவன் முட்டாள். ஜெகநாதன் முடியாது என்று சொல்லவில்லை.

"பழம் வரட்டும்மா. வாயில போட்டுப் பாக்கறேன். நல்லா இருந்தா அந்த நெலம் ஒங்களுது. நான் மட்டும் சொன்னா ஓரவஞ்சனம்பே. கிருமாம்பாக்கத்துலேர்ந்து மணிவண்ணனயும் கூப்புட்டுக்கலாம்."

மணிவண்ணன் கடலூர் ரோட்டில் பெரிய பழக்கடை வைத்திருப்பவர், மண்டியின் முக்கியமான வாடிக்கை. பழத்தை மோந்து பார்த்தே எந்த ஊர் தோட்டம் என்று சொல்லக்கூடியவர். அவரைக் கூப்பிடுவதில் ஜெகநாதனுக்கு ஒரு பயமும் இல்லை. வெயிலில் காயும் டிரம்மில் என்ன பெரிய பழம் வந்துவிடப் போகிறது.

மாசி கழிந்ததும் பழம் வந்தது. அதிகமில்லை, ஒரு தட்டு நிறையாது. நவநீதன் ஒவ்வொன்றுக்கும் வலைத்துணியில் பை தைத்துக் கட்டினார், காக்கைக்கும் அணிலுக்கும் பயந்து. பச்சையாக இருந்ததில் ஊதா நிறம் ஓடத் தொடங்கியபோது, மாமனாருக்கும் ஆர்வம் வரட்டும் என்று அவரை மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினார்.

"இது வாழ மாதிரி இல்ல மாமா. வாழ வெட்டுன பொறவும் பழுக்கும். இது காம்ப வுட்டு வந்துதுன்னா அதோட நின்னு போச்சி. மரத்துலயே கழுத்து தொங்கணும், தோலு வெடிக்கணும், அடியில கண்ணுல தேன் சொட்டணும். அதுக்கு ஒரு நாள் முன்னாடி பறிச்சாலும் வாய எரிக்கற பால்தான்."

ஜெகநாதன் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு, இந்த வருஷம் மழை எப்படி என்று கேட்டார்.

அதன் பிறகு தினமும் விடிந்ததும் நடைப்பயிற்சி என்று சொல்லிக்கொண்டு மாடி ஏறினார். ஒரு காலை, மூலை டிரம்மில் ஒரு பழம் தலை கவிழ்ந்து தொங்கியது. கறுத்த தோலில் வெள்ளைக் கீறல்கள். அடியில் ஒரு சொட்டு, விழாமல் நின்றுகொண்டிருந்தது. முதல் பழம். அதை மாமனாரிடம் கொடுப்பதா மனைவியிடம் கொடுப்பதா என்று நவநீதன் யோசித்துக்கொண்டிருந்தது வீட்டுக்கே தெரியும்.

ஜெகநாதன் பையை அவிழ்த்துப் பறித்தார். காம்பைக் கிள்ளிப் போட்டார். ஒரே வாயில் போட்டார்.

அவர் வாழைப்பழத்திலேயே பிறந்து வளர்ந்த ஆள். இனிப்பு என்பது அவருக்கு மூக்குக்குப் பழகிய புழுதி மாதிரி, இருப்பதே தெரியாது. இதுவோ நாக்கில் பட்டதும் அவரை நிற்க வைத்தது. உள்ளே ரத்தச் சிவப்பாக, காய்ச்சிய பாகு மாதிரி கெட்டியாக, வெல்லத்துக்குப் பின்னால் ஒரு புளிப்பு, அதற்கும் பின்னால் மண் நனைந்த வாசனை போல் ஏதோ ஒன்று. சிறிய விதைகள் பல்லில் நொறுங்கின. விழுங்க மனமில்லாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

கண்ணைத் திறந்ததும் கணக்குப் போட்டார். சரக்கு இவ்வளவு நன்றாக இருந்தால் நிலம் போச்சு. நிலம் போனால் மாப்பிள்ளை போச்சு. மாப்பிள்ளை போனால் கல்லாவில் யார் உட்காருவது? சம்பளத்துக்கு ஆள் வைத்தால் சம்பளமும் போகும், கல்லாவும் போகும். பழம் கெட்டதாக இருந்தால் தள்ளிவிடலாம். பழம் நல்லதாக இருக்கிறதே, படுபாவி.

அன்று மதியமே, தொட்டியத்தில் பூவன் தார் மலிந்து கிடக்கிறது என்றும், மாப்பிள்ளை கண் பார்த்து வாங்கினால்தான் ஆகும் என்றும் சொல்லி நவநீதனை லாரி ஏற்றினார். முதல் பழம் காணாமல் போன வருத்தத்தில் இருந்தார் நவநீதன். காக்கையாகத்தான் இருக்கும் என்று மாமனார் ஆறுதல் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மணிவண்ணன் வருகிறார், அதற்குள் மிச்சப் பழங்கள் தயாராகிவிடும், யாரும் தொட வேண்டாம் என்று நிவேதாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு நவநீதன் போனார்.

மறுநாள் நிவேதா தாயோடு கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஜெகநாதன் மாடி ஏறி, பாதி ஊதாவும் பாதி பச்சையுமாக விறைத்து நின்ற காய்கள் அத்தனையையும் பறித்தார். மண்டியில் வாழைத்தாரை அடுக்கிப் புகை போட்டுப் பழுக்க வைக்கும் அறை உண்டு, மூட்டம் என்பார்கள். காய்களை ஒரு கூடையில் போட்டு மூட்டத்தில் வைக்கச் சொன்னார். சுமை தூக்கும் பாக்யராஜ் கூடையை வாங்கிப் பார்த்துவிட்டு, இது பழுக்குமா மொதலாளி என்று கேட்டான். மூட்டத்தில் வைத்தால் உன் மூளையே பழுக்கும் போடா என்றார்.

அதுதான் அவருடைய சாமர்த்தியம். காய்களைத் திருடியிருந்தால் திருட்டு, நசுக்கியிருந்தால் பொறாமை. மூட்டத்தில் வைத்தால்? பிறந்ததிலிருந்து பச்சைக் காயைப் புகை போட்டுப் பழமாக்கியே வயிறு வளர்த்தவன், அத்தியையும் அப்படி நினைத்துவிட்டான், பாவம். ஊரில் வேறு யாரும் செய்ய முடியாத தப்பு. அவர் செய்தால் நம்பாமல் இருக்கவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நவநீதன் லாரியிலிருந்து இறங்கி நேராக வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் மணிவண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நடுவில் எவர்சில்வர் தட்டு. அதில் அத்திகள், தோல் சுருங்கி, புகையில் ஒரு மாதிரி பழுப்பாகிக் கிடந்தன. நிவேதா சுவரோரம் நின்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

"காக்கா தொல்ல தாங்கல மாப்ள. ஒண்ணு போச்சே, மீதியும் பூடப் போவுதுன்னு நானே பறிச்சி மூட்டத்துல வெச்சேன். எப்படி வந்திருக்குது பாருங்க."

நவநீதன் தட்டையும் மாமனாரையும் பார்த்தார். மணிவண்ணன் ஒன்றை எடுத்துக் கடித்தார். கொஞ்ச நேரம் மென்றார். பெரிய மனிதர் வீட்டில் துப்பக் கூடாது என்று விழுங்கியது தொண்டையில் தெரிந்தது. உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். நிவேதா ஒன்றை வாயில் போட்டு, உடனே கையில் துப்பி, முந்தானையில் துடைத்தாள். விசாலாட்சி தட்டின் பக்கமே வரவில்லை.

"நம்மளுக்கு இன்னா தெரியும்," என்றார் ஜெகநாதன். "பயிர் வெச்சவரு சொல்லட்டும். சாப்புட்டுப் பாத்து சொல்லுங்க மாப்ள. எப்படி இருக்குது?"

இந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று மண்டியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பச்சையாகப் பறித்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று நவநீதன் சொல்லலாம். சொன்னால், ஜெகநாதனுக்குப் பழுக்கவைக்கத் தெரியாது என்று அவர் சொந்த மாப்பிள்ளையே சொன்னதாக, இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கடலூர் ரோடு முழுக்கப் போய்விடும். மண்டிக்காரனை அம்மணமாக நிறுத்துவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. மூன்று வருஷம் உப்புத் தின்ற வீட்டில் நவநீதன் அதைச் செய்ய மாட்டார். ஜெகநாதன் அந்த உப்பை நம்பித்தான் கேட்டார்.

நவநீதன் ஒன்றை எடுத்து முழுசாக மென்றார்.

"நல்லா இருக்குது மாமா."

"அப்பிடியா? இதான் நல்லா இருக்கறதா?" ஜெகநாதன் மணிவண்ணன் பக்கம் திரும்பினார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "பயிர் வெச்சவரே சொல்லிட்டாரு. இதுக்கு மேல பழுக்காது போலருக்கு. இத நம்பி ஒரு காணிய எப்படிங்க குடுக்கறது? வாங்க, பூவன் தார் வந்திருக்குது, பாக்கலாம்."

அவ்வளவுதான். உறுவையாற்று நிலத்தைப் பற்றி அந்த வீட்டில் பிறகு யாரும் பேசவில்லை. பேசியது நிவேதா மட்டும், அதுவும் அன்று மதியம் அறைக்குள், புருஷனிடம். கதவுக்கு வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஜெகநாதனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பச்சயா பறிச்சிட்டாங்கன்னு சொல்ல ஒனக்கு வாயில்ல. நல்லா இருக்குதாம். எங்கப்பாவுக்கு இன்னொரு மூட்ட தூக்கற ஆளுதான் நீ. பாக்யராஜாவது சம்பளம் வாங்கறான்."

மரியாதையாக அழைத்துக்கொண்டிருந்தவள் அன்றிலிருந்து நீ என்றுதான் கூப்பிட்டாள், வேலைக்காரர்கள் எதிரிலேயே. மகள் குரல் இப்படி மாறியதில் ஜெகநாதனுக்குச் சின்ன உறுத்தல்தான். ஆனால் கல்லாவில் ஆள் இருந்தது. முன்னைவிடச் சீக்கிரம் வந்து, முன்னைவிட நேரம் கழித்துப் போயிற்று. பேரம் பேசவும் கற்றுக்கொண்டுவிட்டது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் எதிராளி தானாக இறங்கும்வரை காத்திருக்க மாப்பிள்ளைக்கு எப்போது வந்தது என்று அவரே வியந்தார்.

அவரை ஆட்டியது வேறு. நாக்கு. இரவுச் சாப்பாட்டில், காப்பியில், எதிலும் அந்தச் சிவப்புப் பாகு குறுக்கே வந்தது. வைகாசியில் செடிகள் மறுபடி காய் பிடித்தன. நவநீதன் இப்போது மாடிப் பக்கம் அதிகம் போவதில்லை. ஜெகநாதன்தான் விடியலில் போய் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். காய்கள் கறுத்தன. ஒன்றின் கழுத்து லேசாகத் தளர்ந்திருந்தது. நாளைக்கு, அல்லது மறுநாள். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினார்.

மறுநாள் போனபோது செடிகளில் இலைதான் இருந்தது. ஒரு காய் இல்லை.

அன்று மண்டியில் நல்ல கூட்டம். மணிவண்ணன் வந்திருந்தார், பாகூர்ப் பக்கத்து வியாபாரிகள் வந்திருந்தார்கள். நவநீதன் மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு தட்டோடு வந்தார். தட்டில் சுருங்கிய அத்திகள்.

"நேத்து சாயங்காலமே வெச்சிட்டேன் மாமா. ஒங்க கைப்பக்குவம்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணிவண்ணன் மட்டும் தாருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். மரத்திலேயே விட்டிருக்கலாமே மாப்ள என்று ஜெகநாதனுக்கு வாய்வரை வந்தது. தெரிந்துமா அன்றைக்குப் பச்சையாகப் பறித்தீர்கள் என்று அடுத்த கேள்வி வருமே.

"மரத்துல வுட்டா காக்கா தின்னுடுது," என்றார் நவநீதன், அவர் கேட்காத கேள்விக்கு. "அன்னிக்கு ஒரு காக்கா, பைய அவுத்து, காம்பக் கிள்ளிப் போட்டுட்டுத் தின்னிருக்குது மாமா. அதனால இனிமே ஒண்ணுகூட மரத்துல வுட மாட்டேன். பச்சயாவே பறிச்சி, ஒங்களுக்குன்னு மூட்டம் போட்டுடறேன். வருஷா வருஷம்."

ஜெகநாதன் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றுமே இல்லை. தேர்ந்த வியாபாரியின் முகம்.

ஒன்றை எடுத்து வாயில் போட்டார். ரப்பரை மென்றது போல் இருந்தது. பால் உதட்டோரத்தில் எரிந்தது.

"எப்படி மாமா?"

"நல்லா இருக்குது," என்றார்.

நவநீதன் தட்டை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினார்.