நிற்கும் முட்டை

ஸகியாவுக்கு மிஞ்சியது அந்த ஒரே தேனீப் பெட்டிதான். மற்றதையெல்லாம் குளிர்காலம் வாரிக்கொண்டு போயிருந்தது, பாழாய்ப்போன குளிர்! இப்போது ப்ளிதா ஊர்த் தோட்டங்களில் ஆரஞ்சு பூத்துக் கொட்டுகிறது. இந்தப் பெட்டியிலோ ராணியைக் காணோம்.

கொழுந்தன் லார்பி, தீப்பெட்டி அளவுக் கூண்டில் ஒரு புது ராணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பழையவள் செத்திருந்தால் கூட்டம் இவளை ஏற்கும். உயிரோடிருந்தால் இவளைக் கொன்று தள்ளிவிடும்.

"விட்டுடலாமா அண்ணி?"

"பொறுடா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி பறக்கிறியே! முட்டை இருக்கான்னு பாக்கணும்."

எங்கே பார்ப்பது? முகவலைக்குள் மூக்குக்கண்ணாடி வியர்வையில் வழுக்கி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. போனை எடுத்தாள். கையுறை விரலுக்குத் திரை மசியவில்லை. ஓரத்துச் சத்தப் பொத்தானை அழுத்திப் படமெடுத்தாள். தேனடையை நெருங்க நெருங்கப் படம் ஒரே மங்கல்.

"மூஞ்சில இடிக்காதீங்க அண்ணி. கொஞ்சம் தள்ளிப் பிடிங்க, அப்புறம் பெருசாக்கிப் பாக்கலாம்."

வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி திரும்பி, மூச்சை அடக்கி அழுத்தினாள். பெருசாக்கிப் பார்க்கக் கையுறையைக் கழற்றினாள். கட்டைவிரலில் ஒரு தேனீ சுருக்கென்று கொட்டியது. யாருக்கு அதெல்லாம் கவனம்! அடையின் ஓர் அறைக்குள், அடியில், வெள்ளையாக, அரிசிக் குருணை போல ஒன்று நின்றது.

"நிக்குதுடா! இன்னிக்கு இட்டது! நேத்து இட்டது சாய்ஞ்சிருக்கும்."

"ராணி இல்லாட்டி வேலைக்காரத் தேனீயும் முட்டை போடுமே?"

உண்மைதான். ஆனால் அவை ஒரே அறையில் நாலைந்தைச் சுவரெல்லாம் ஒட்டி வைக்கும். அவள் படத்தை அறை அறையாக நகர்த்தினாள். இதில் ஒன்று, நட்டநடுவில். அடுத்ததிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும்.

"இருக்கா! எங்கேயோ ஒளிஞ்சிருக்கா, கள்ளி!"

லார்பி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "அடேயப்பா, என்ன அழகு!"

"மாஷா அல்லாஹ் சொல்லுடா! கண்ணு வச்சுடாத."

"மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்."

ஸகியாவின் கண் நிறைந்தது. வலைக்குள் துடைக்கவும் முடியவில்லை.

"அப்ப என் பையில இருக்கறவள என்ன செய்றது?"

"நீயே கட்டிக்க. உனக்குத்தான் பொண்ணு அமையலையே." சிரித்தபடி, மரத்தடியில் அடுக்கிக் கிடந்த காலிப் பெட்டிகளைக் காட்டினாள். "ஒண்ணை எடுத்துட்டு வா. பாதிக் கூட்டத்தை இவளுக்குப் பிரிச்சுக் குடுத்துடலாம்."

அவன் இரண்டைத் தூக்கி வந்தான்.

"ஒண்ணுதானேடா கேட்டேன்?"

"மாஷா அல்லாஹ் சொல்லிட்டேன்ல அண்ணி, இதுவும் நிறையும்."