ஹவுஸ் ஓனர் சேர முடியாது

என் வீட்டு மொட்டைமாடிக் கதவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘மொட்டைமாடி கேரம் கிளப். மெம்பர்கள் மட்டும்.’ கேட்டீர்களா அநியாயத்தை! அந்தக் கதவைத் தச்சனிடம் சொல்லிச் செய்தவன் நான். தாழ்ப்பாள் வாங்கக் காஞ்சிபுரம் வரை போனவன் நான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாக அல்லவா இருக்கிறது!

என் பெயர் ரகுபதி. சுங்குவார்சத்திரத்தில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே நாலாவது தெரு. கீழ்வீட்டில் நானும் என் மனைவி பாஞ்சாலியும். மாடியில் மூன்று அறைகள், ஏழு பையன்கள். ஏழு பேரும் கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். எனக்குக் கோபம் அதிகம், குரல் அதைவிட அதிகம். நான் போட்ட சத்தத்தில் ரோட்டில் போன லாரி நின்றுவிட்டது என்று பாஞ்சாலி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். அது பொய். அது லாரி இல்லை, மினி வேன்.

காகிதத்தைப் பார்த்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கவிழ்த்த பெயிண்ட் டிரம்மின் மேல் கேரம் போர்டு. சுற்றி ஏழு பேர். என்னைக் கண்டதும் ஏழு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

“எவன்டா இத்த ஒட்டினது?” என்றேன்.

பேசாமல் நிற்பவர்களை எவ்வளவு நேரம்தான் திட்டுவது? நான் போர்டைப் பார்த்தேன். சிவப்புக் காய் மூலைக்குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. லேசாகத் தட்டினால் விழுந்துவிடும். எனக்குக் கை துறுதுறு என்றது. ‘ஒரு கை ஆடுங்க’ என்று ஒருவனாவது சொல்வான் என்று கொஞ்ச நேரம் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பது போல நின்றேன். ஒருவனும் சொல்லவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்தது கோபமே இல்லை, ஏக்கம். பாஞ்சாலி ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் சூப்பர்வைசர். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். நான் இருபது வருஷம் கம்பெனி பஸ் ஓட்டியவன், முட்டி வலி வந்து நிறுத்திவிட்டேன். டீக்கடைக்குப் போனால் ஆளாளுக்கு போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் தலைக்கு மேலே ‘டக்’ என்று ஒரு காய் விழும் சத்தம். கூடவே மூன்று நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம். அந்தச் சிரிப்பில் எனக்கும் ஒரு இடம் வேண்டும் போல இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். பாஞ்சாலியிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

“போயி கேளேன்யா. வாய்தான் கீதே அம்மாம் பெரிசா” என்றாள்.

மறுநாள் குழாயடியில் கொம்பையாவைப் பிடித்தேன். ஏழு பேரில் மூத்தவன் அவன்தான், கிளப்புக்குத் தலைவர். நேரடியாகக் கேட்டுவிட்டேன். அவன் பல்துலக்கிக்கொண்டிருந்தவன் நுரையைக்கூடத் துப்பாமல் யோசித்தான்.

“ரூல் இருக்கே சார். நாலாம் நம்பர் ரூல். ஹவுஸ் ஓனர் சேர முடியாது.”

“இன்னாடா ரூலு? யாரு போட்டது?”

“கோவிச்சுக்கிடாதிய. நீங்க வந்தா நாங்க எந்திரிச்சு நிக்கணும்லா? நின்னுக்கிட்டே எப்படி சார் கேரம் ஆட?”

எனக்குச் சுருக்கென்று தைத்தது. எனக்கு வாய் வராமல் போவது அபூர்வம் என்பதால் கொம்பையாவுக்கே மனசு கேட்கவில்லை போல. வாயைக் கொப்பளித்துவிட்டு, “ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுங்க. நான் முன்மொழியுதேன். கூட்டத்துல வச்சுப் பாப்போம்” என்றான்.

விண்ணப்பப் படிவத்தை மணிகண்டபிரபு கொண்டுவந்தான். அவன்தான் செயலாளர். கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறவன், அதனால் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டுவிடுவான். பெயர், ஊர், கை (இடது / வலது), ஷிப்ட். ஷிப்ட் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அரைமணி நேரம் முழித்தேன். கடைசியில் ‘ஜெனரல்’ என்று எழுதினேன். ‘ஏன் சேர விரும்புகிறீர்கள்’ என்ற கட்டத்தில் ‘என் மாடி என்பதால்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் படிவம் திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் ‘ரீவொர்க்’.

“ரிஜெக்ட் பண்ணல சார், அத நெனச்சு சந்தோசப்படுங்க” என்றான் மணிகண்டபிரபு. “அந்தக் கட்டத்த மட்டும் மாத்தி எழுதணும்.”

வந்ததே கோபம்! கிழித்துப் போடத்தான் நினைத்தேன். ஆனால் மேலே ‘டக்’ என்று ஒரு காய் விழுந்தது. உட்கார்ந்து, அடித்து, கீழே எழுதினேன்: ‘தனியாக இருக்கப் பிடிக்கவில்லை.’ எழுதிவிட்டுப் பாஞ்சாலி பார்ப்பதற்குள் மடித்துக் கொடுத்துவிட்டேன்.

அதை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் உடனே ஓட்டெடுப்பு கிடையாதாம். கம்பெனியில் புது ஆளை டிரெயினியாக வைப்பதுபோல எனக்கும் பதினைந்து நாள். அந்தப் பதினைந்து நாளும் நான் கத்தக் கூடாது. காரணம் நியாயமானதுதான். ராத்திரி சி ஷிப்ட் முடித்து வரும் இரண்டு மூன்று பேர் பகலில் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் தூக்கம் கெடக்கூடாது என்பதுதான் கிளப்பின் முதல் ரூல். கேரம் ஆடினாலும் குசுகுசுவென்றுதான் பேசுவார்கள், வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்கள்.

பதினைந்து நாள்! என்னைக் கேட்டால் பதினைந்து நாள் பட்டினிகூட இருந்துவிடுவேன். படியில் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன, பல்லைக் கடித்துக்கொண்டேன். யாரோ என் சைக்கிள் மேல் ஈரத்துண்டு காயப் போட்டிருந்தான், எடுத்து மடித்து வைத்தேன். எட்டாம் நாள் முப்பிடாதி வந்தான்.

இந்த முப்பிடாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு பேரில் கடைசியாக வந்தவன், ஒல்லி, பேசுவதற்கு முன்னால் இரண்டு தடவை தொண்டையைச் செருமுவான். ஒரு வருஷமாக என் வாசலுக்கு வந்து நிற்பவன் இவன் ஒருவன்தான். தண்ணீர் வரவில்லை, பல்ப் எரியவில்லை, பாத்ரூம் கதவு சாத்தவில்லை என்று ஏதாவது ஒன்று சொல்வான். நானும் இவனைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். ‘உங்கூர்ல தண்ணியே கெடையாது, இங்க வந்து ரெண்டு வேள குளிக்கக் கேக்குதா?’ என்றுகூட ஒருநாள் கேட்டுவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. மற்ற ஆறு பேர் என்னவோ, இவன் ஓட்டு எனக்குக் கிடைக்காது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

“சார், படிக்கட்டு பல்பு...” என்று தொடங்கினான்.

“தோ மாத்திடறேன் கண்ணு” என்றேன், பூனைக்குட்டி கத்துகிற அளவுச் சத்தத்தில். அவன் பயந்து இரண்டடி பின்னால் போனான்.

ஓட்டெடுப்பு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஷிப்ட் மாறும் நாள் அது, அன்றைக்குத்தான் ஏழு பேரும் ஒன்றாக விழித்திருப்பார்கள். முறை இதுதான்: வெள்ளைக் காய் போட்டால் சம்மதம், கறுப்புக் காய் போட்டால் மறுப்பு. கொடியில் தொங்கும் துண்டுக்குப் பின்னால் காய்களைப் பரப்பி வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு காயை எடுத்து மூடிய கையோடு தூக்குச்சட்டியில் போட வேண்டும். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் விண்ணப்பம் போச்சு, மறுபடி ஒரு வருஷத்துக்குக் கேட்க முடியாது. விண்ணப்பித்தவன் மேலே இருக்கக் கூடாது என்று என்னைப் படியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

கீழே பாஞ்சாலி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “எலெக்சன்ல நின்னவன் கூட இப்டி வேர்த்து நான் பார்த்ததில்ல” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டிக்குள் காய் விழும் சத்தத்தை எண்ணினேன். ஏழு. பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கறுப்பு விழுந்துவிட்டது, முப்பிடாதி பழி தீர்த்துவிட்டான் என்று நினைத்தேன். அவனைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை.

“சார், மேல வாங்க” என்றான் கொம்பையா.

சட்டியைப் போர்டில் கவிழ்த்திருந்தார்கள். ஆறு வெள்ளை. ஒரு சிவப்பு.

“இன்னாபா இது?”

“அதான் எங்களுக்கும் தெரியல” என்றான் மணிகண்டபிரபு. நோட்டை முன்னும் பின்னும் புரட்டினான். “சிவப்புக்குக் கட்டமே போடலியே!”

“யாருல போட்டது?” என்றான் கொம்பையா.

முப்பிடாதி இரண்டு தடவை தொண்டையைச் செருமினான். பிறகு கையைத் தூக்கினான். “வெள்ளன்னா சரி, சேரட்டும்னு அர்த்தம். எனக்கு அதுக்கும் மேல ஆச. அதான் சிவப்பு.”

நான் எத்தனை திட்டுத் திட்டியிருப்பேன் இவனை! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேரம் பவுடர் பட்டுவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். இன்னும் யாரும் பவுடர் டப்பாவையே திறக்கவில்லை.

குசுகுசுவென்று ஒரு சண்டை நடந்தது. கடைசியில் கொம்பையா தீர்ப்புச் சொன்னான். “எந்த ஊர்ல ஆடினாலும் ஒரே ரூலுதான். சிவப்பப் போட்டா ஃபாலோவா இன்னொரு காயும் போடணும். ஃபாலோ விழலன்னா சிவப்பு திரும்பி நடுவுல வந்துரும். இந்த ஓட்டுக்கும் அதேதான். சார் ஒரே ஒரு காய் போடட்டும். விழுந்தா மெம்பர். விழலன்னா ஓட்டு செல்லாது.”

மணிகண்டபிரபு ஒரு வெள்ளைக் காயை எடுத்து, வேண்டுமென்றே மிகக் கஷ்டமான இடமாகப் பார்த்து, எதிர்ப்பக்கக் கட்டையை ஒட்டி வைத்தான். குவாலிட்டிக்காரன் புத்தி! ஏழு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். எனக்கும் ஒரு இடம் ஒதுக்கினார்கள். நான் முட்டி வலியோடு மெதுவாகக் கீழே உட்கார்ந்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

ஸ்ட்ரைக்கரை வைத்தேன். முப்பத்தைந்து டன் பஸ்ஸை மதுரவாயல் டிராபிக்கில் ஓட்டிய கை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன், எந்த பஸ்ஸும் முப்பத்தைந்து டன் கிடையாது என்பது வேறு விஷயம். மூச்சை இழுத்துப் பிடித்து அடித்தேன். ஸ்ட்ரைக்கர் பக்கவாட்டுக் கட்டையில் மோதித் திரும்பிப் போய், காயை ஓரத்தில் உரசியது. காய் கட்டையோடு ஒட்டி மெல்ல நகர்ந்தது. குழியின் வாயில் போய் நின்றது. ஒரு விநாடி நினைத்துப் பார்த்தது. விழுந்தது.

“ஏய்ய்ய்ய்!” என்று கத்திவிட்டேன். பதினைந்து நாள் கத்தல் மொத்தமாக வெளியே வந்தது. பக்கத்துக் கட்டடத்து ஜன்னல் ஒன்று திறந்து, “எவன்டா அது?” என்று ஒரு தூக்கக் குரல் கேட்டது. ஏழு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நானும் பொத்திக்கொண்டேன். அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆகிறது என்று எனக்கே தெரியவில்லை. கொம்பையா என் தோளில் கை போட்டான். “வாங்க அண்ணாச்சி” என்றான்.

நான் அடுத்த ஆட்டத்துக்குக் காய் அடுக்கப் போனேன். அதற்குள் முப்பிடாதி பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என் கையில் வைத்தான்.

“இன்னாடா?”

“கடைசியா சேர்ந்த மெம்பரோட வேல அண்ணாச்சி. ஹவுஸ் ஓனர்கிட்டப் போயி கொற சொல்லணும். வேற யாருக்கும் தைரியம் கெடையாதுல்லா, அதான் அப்படி ஒரு ரூலு. ஒரு வருசமா நாந்தான் பாத்தேன். இனி நீங்க.” அவன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே!

“அடப்பாவி! அதுக்குத்தான் ரெட்டா?”

“பாதி அதுக்கு” என்றான். வெட்கப்பட்டுக்கொண்டு, “பாதி நெசமாத்தான்” என்றான்.

காகிதத்தைப் பிரித்தேன். ஒரே ஒரு குறைதான் இருந்தது. ஏ ஷிப்டுக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் குளித்துவிட்டால் தொட்டி காலி, சி ஷிப்ட் முடித்து ஏழரை மணிக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் இல்லை, ஏழு மணிக்கு இன்னொரு தடவை மோட்டார் போட வேண்டும்.

“சரி, ஓனரு நானே இங்க கீறேன். யார்கிட்ட போய்ச் சொல்ல?” என்றேன்.

“கரண்டு பில்லு பாஞ்சாலி அக்கா பேர்ல வருது. வீட்டு வரி ரசீதும் அப்படித்தான்” என்றான் மணிகண்டபிரபு. “எல்லாம் பாத்துட்டோம்.”

அது அவள் அப்பா கொடுத்த மனை. இல்லை என்று நான் எப்படிச் சொல்வது?

இறங்கிப் போனேன். என் வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். உள்ளே போகலாமா என்று சந்தேகமாக இருந்தது. பாஞ்சாலி கீரைத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். நான் இரண்டு தடவை தொண்டையைச் செருமினேன். விஷயத்தைச் சொன்னேன்.

அவள் எழுந்தாள். இடுப்பில் கை வைத்தாள். “ஏழு மணிக்கு மோட்டாரு போடணுமா? நான் எட்டு மணி வேலைக்கு சமைப்பேனா, உங்களுக்கு மோட்டாரு போடுவேனா? தண்ணி இன்னா ஆகாசத்துலேந்து கொட்டுதா? நேரங்காலம் கெடையாதா? எப்போ பாத்தாலும் வந்து நிக்கறது!” தெருவே கேட்டது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். முகம் சூடேறிப் போய் நான் திரும்பி நடக்கக் காலெடுத்தேன்.

“அண்ணாச்சி!” படியின் மேலிருந்து முப்பிடாதி தலையை மட்டும் நீட்டிக் குசுகுசுத்தான். “திரும்பிராதிய. திட்டி முடிக்கிற வரைக்கும் அப்படியே நிக்கணும். முடிச்ச பொறவு தானா செஞ்சு குடுத்திருவாங்க. நீங்களும் அப்படித்தான் அண்ணாச்சி, ஒரு நாளும் செய்யாம இருந்ததில்ல.”

நான் தலையைக் குனிந்துகொண்டு வாசலிலேயே நின்றேன். பாஞ்சாலி இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்.