பொன்னுதுரையின் மழையும் காஜா பேராங் பஸ்ஸும்

1956 ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை தொடங்கி, காஜா பேராங்கில் பொன்னுதுரை நடக்கும் இடத்தில் மட்டும் மழை பெய்தது. அவரைச் சுற்றிப் பத்து முழம். அதற்கு அப்பால் சுள்ளென்ற வெயில். அவர் நின்றால் மழையும் நின்ற இடத்திலேயே பெய்யும். நகரசபைப் பணிமனைக்குள் நுழைந்து மண்வெட்டியை எடுத்ததும் விட்டுவிடும். ஊரார் லோங்காங் என்று சொல்லும் சாக்கடைகளை முப்பது வருடம் சுத்தம் செய்தவர் என்பதால், ஈரம் அவருக்குப் புதிதில்லை என்று சிலர் சொல்லிக்கொண்டார்கள். அப்படிச் சொல்வது வசதியாக இருந்தது.

காரணம் அன்று ஏழு மணி பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பொன்னுதுரையின் மகள் கமலவேணி பஸ் கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. அந்தத் தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு: ஒரே வீட்டு ஆட்கள் ஏறினால் பெரியவர்தான் எல்லோருக்கும் சேர்த்து டிக்கெட் வாங்குவார். பொன்னுதுரை காக்கி அரைக்கால் சட்டையோடு இரண்டு விரலைக் காட்டினார். மூவாரிலிருந்து புதிதாக வந்திருந்த கண்டக்டர் அப்பாசாமி கமலவேணியைப் பார்த்து, “ஆபீசுக்குப் புதுசா வர்ற கிராணி நீங்கதானே? இந்த ஐயா உங்க வீடா, சேத்துக் கிழிக்கவா?” என்று கேட்டான்.

“இல்ல. யாருன்னு தெரியாது.”

பொன்னுதுரை ஒரு விரலை மடக்கினார். “ஆமா தம்பி, நான் வேற ஆளு. இந்தத் தங்கச்சி பக்கத்துல சும்மா நின்னுட்டேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தார். அவளைத் தூக்கி வளர்த்தவர்கள் நாலைந்து பேர் அந்த பஸ்ஸில் இருந்தார்கள். எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர் இறங்கிய இடத்தில் மழை பிடித்தது.

அதன் பிறகு நடந்து போகிறவர்கள் அவர் வருவதைக் கண்டால் ஓடிப்போய் பஸ் ஏறினார்கள். எத்தனை பேர் ஏறினார்கள், அன்றைய வானிலை என்ன என்று தினமும் எழுதுவதுதான் கமலவேணியின் வேலை. தலைமை கிராணி கருணாகரனுக்குக் கணக்கு இடித்தது. “மழை பேஞ்சா சனம் வீட்டுல கெடக்கும். புக்கிட் பாரு ரூட்டப் பாரு, செமாபோக் ரூட்டப் பாரு, மழைன்னா பாதிதான். காஜா பேராங்ல மட்டும் எப்படிம்மா ஏறுது?” சாலையில் நிழல் மரம் குறைவு, பள்ளத்தில் தண்ணீர் தேங்குகிறது, சந்தை தூரம் என்று மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தாள். எழுதியது எதுவும் பொய்யில்லை, அதுதான் அசிங்கம். அந்த அறிக்கையைப் பாராட்டி இரண்டாவது பஸ் விட்டார்கள். அவளுக்குச் சம்பள உயர்வும் வந்தது.

அந்த வருடக் கடைசியில் பொன்னுதுரைக்கு இருமல் பிடித்தது. விரல் நுனிகள் ஊறி வெளுத்துவிட்டன. “நாளைக்கு பஸ்ல வாங்கப்பா” என்றாள் கமலவேணி. “வேணாம்மா. ஏறுனா உள்ளயும் பேயும். நீ நனையாம போற இல்ல, அது போதும்” என்றார். அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

மறுவருடம், சுதந்திரக் கொடிகள் கட்டிக்கொண்டிருந்த வாரத்தில், பஸ் அவரைத் தாண்டும்போது கமலவேணி எழுந்து மணியடித்தாள்.

“இங்க ஸ்டாப் இல்லியே, கிராணி.”

“அது எங்கப்பா.”

“தெரியும்,” என்றான் அப்பாசாமி. “ஒரு வருசமாத் தெரியும். எறங்குங்க.”

அவள் நேராக மழைக்குள் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் இன்னொரு கையால் அவள் தலையை மறைக்கப் பார்த்தார், தேவைப்படவில்லை. ஒரு துளிகூட அவள் மேல் விழவில்லை. அன்றைய அறிக்கையில், ‘மழை: என் அப்பாவுக்கு மட்டும்’ என்று எழுதினாள். கருணாகரன் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுநாளும் நடந்தாள், அதற்கடுத்த வருடங்களிலும். அவருடைய காக்கி சொட்டச் சொட்ட நனையும். அவளுடைய சேலை இஸ்திரி கலையாமல் அப்படியே இருக்கும். சாலையோரக் கடைக்காரர்கள் பார்த்துப் பழகிவிட்டார்கள்.