பத்த வைக்கலாமா?

“இந்தக் கேஸுக்குள்ள நாத்தத்தை யாரு அக்கா போட்டது?”

போன வருஷம் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி பள்ளிச் சமையலறை வாசலில் நின்று இப்படிக் கேட்டாள். முன்பல் இரண்டும் விழுந்த வாய். கேஸுக்கென்று வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று வேண்டுமென்றேதான் கலக்கிறார்கள் என டீச்சர் சொல்லியிருக்கிறார். யார் கலந்தது என்று சொல்லவில்லை போலும். சமையலக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

“யாரோ ஒரு புண்ணியவான். முகம் தெரியாத நாம எல்லாம் நல்லா இருக்கணும்னு நெனச்சிருக்காரு.”

குழந்தைக்கு அது போதுமாக இருந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது.

அந்தப் புண்ணியவானின் தயவு இப்போது சமையலக்காவை எட்டுவதில்லை. மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வெங்காயம் வதங்கிவிட்டதா என்பதைக் கண்ணால்தான் பார்த்துக்கொண்டாள். மகனின் தலையை மோந்து பார்த்தாலும் வெறும் சூடுதான் தெரிந்தது. “வரும், பொறுங்க” என்றார் டாக்டர். பள்ளியில் அவள் சொல்லவில்லை. மூக்கில்லாத சமையல்காரியை யார் வைத்துக்கொள்வார்கள்? வீட்டில் உலை கொதிப்பது இந்த ஒரு வேலையால்தான். ஆனால் காலையில் தீப்பெட்டியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அறை முழுக்க கேஸ் நிறைந்திருந்தாலும் தனக்குத் தெரியாதே. கடவுளே, என்று ஒரு முறை சொல்லிவிட்டுத்தான் குச்சியை உரசுவாள்.

பள்ளிக்கூடத்தைப் பெருக்கும் சித்திக்கு மட்டும் விஷயம் தெரியும். எல்லோருக்கும் அவள் சித்திதான். அவளிடமும் இவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு நாள் பால் அடிபிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி இவள் நிதானமாகக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முற்றத்திலிருந்த சித்தி துடைப்பத்தோடு ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலை, சமையலறைப் பூட்டைத் திறக்கும் நேரத்துக்குச் சரியாகச் சித்தி வந்து நின்றாள். தலையை மட்டும் உள்ளே நீட்டி மூச்சை இழுத்தாள்.

“ஒண்ணும் இல்லக்கா. பத்த வை.”

“நல்லாப் பாத்தியா?”

“என் மூக்கப் பத்தி உனக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரர் தெருமுனையில நின்னு பீடி பிடிச்சா நான் வீட்டுக்குள்ள இருமுவேன்.”

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். சித்தி மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போனபோதுதான் பயம் பழையபடி வந்து உட்கார்ந்தது. அந்த நாட்களில் சமையலக்கா பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் குழைத்து, குழாயின் மூட்டுகளில் எல்லாம் தடவிப் பார்த்தாள். நுரை அசையாமல் இருந்தால் அடுப்பைப் பற்ற வைப்பாள். கைக்கு எட்டிய மூட்டு எதையும் விட்டதில்லை.

பள்ளிக்கூடங்களின் கேஸ் குழாய்களைக் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்று புது உத்தரவு வந்திருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, சித்தி இன்னும் ஊரிலிருந்து திரும்பவில்லை. சோதிக்க வந்தவர் பேச்சுக் குறைந்த மனிதர். சிலிண்டர்களை மூடிவிட்டு, குழாய்க்குள் காற்றை அடித்து, முனையில் ஒரு மீட்டரைப் பொருத்தினார். காற்று எங்கும் போகாமல் இருந்தால் ஊசி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தலைமை டீச்சர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தது.

ஊசி ஒரு மயிரிழை இறங்கியது.

“என்ன சார்?” என்றார் டீச்சர்.

“வெளியே கெடக்கற குழாய். வெயில் போயி மேகம் போட்டிருக்கு. குளிர்ந்தாலும் இந்த அளவு இறங்கும்.” அவர் தாடையைத் தடவிக்கொண்டு சமையலக்கா பக்கம் திரும்பினார். “ஏம்மா, தினமும் இங்க நிக்கறவங்க நீங்க. வாசனை ஏதாச்சும் வந்துச்சா?”

“வந்தா சொல்லாம இருப்பாங்களா?” என்றார் டீச்சர்.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொய்கூட இல்லை. அவளுக்கு எந்த வாசனையும் வரவில்லைதான். சுவருக்கு அப்பால் ஒரு பிள்ளை கணக்கைத் தப்பாகச் சொல்ல, மற்றவை எல்லாம் சிரித்தன. யாரு அக்கா போட்டது, என்ற குரல் நினைவுக்கு வந்தது.

“எனக்கு வாசனையே தெரியாது சார். காய்ச்சலுக்கு அப்புறம் மூக்கு செத்துப்போச்சு. வாசனை வரலன்னு நான் சொன்னா, அதைக் கணக்குல எடுத்துக்காதீங்க.”

டீச்சரின் முகத்தை அவள் பார்க்கவில்லை. சோதனைக்காரர் திரும்பவும் காற்றை அடித்தார். மூட்டு மூட்டாக நுரை வைத்தார். அவள் தினமும் தடவிய அதே மூட்டுகள், ஒன்றும் அசையவில்லை. பிறகு மளிகை அலமாரியைத் தட்டினார். “இதுக்குப் பின்னாடி?”

அங்கே அவள் கை எட்டியதே இல்லை. சிலிண்டர் கொட்டகையிலிருந்து வரும் குழாய் ஒன்றாம் வகுப்பின் சுவரையொட்டி வந்து, அங்கேதான் உள்ளே நுழைந்தது. இருவருமாக அலமாரியை நகர்த்தினார்கள். சுவரோரத்து மூட்டில் வைத்த நுரை மெல்ல உப்பியது. ஒரு குமிழ், அதன் தோளில் இன்னொன்று, யாரோ சுவருக்குள் இருந்து மூச்சு விடுவதைப்போல.

பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் கடைசியாக வந்தார். “ரெண்டு நாளா ஒரே நாத்தம். சாக்கடைன்னு நெனச்சு ஜன்னலை எல்லாம் சாத்தி வெச்சிருந்தேனே” என்றார்.

கருவிகளைப் பைக்குள் வைக்கும்போது சோதனைக்காரர் தணிந்த குரலில் சொன்னார். “நீங்க சொல்லலைன்னா கையெழுத்துப் போட்டிருப்பேம்மா.”

தலைமை டீச்சர் சமையலறையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். “இவ்வளவு நாள் மறைச்சிருக்கீங்க. திங்கக்கிழமை பேசுவோம்.” முற்றத்தில் மண்டிக்கிடந்த சருகைப் பார்த்ததும் எரிச்சல் அந்தப் பக்கம் பாய்ந்தது. “இந்தச் சித்தியும் திங்கக்கிழமைதான் வருவாளாம். வந்து இதைப் பெருக்கறதுக்குள்ள பாதி நாள் போயிடும். அவளுக்கும் வேற ஆளத்தான் பாக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சமையலக்கா வந்தாள். பள்ளியில் ஆள் அரவமே இல்லை. படிக்கட்டுக்கு அடியில் இருந்த துடைப்பத்தை எடுத்து வாசலில் தொடங்கினாள். வகுப்புகளின் தாழ்வாரம், தண்ணீர்க் குழாயடி, சித்தி குனிய முடியாமல் முனகும் படிக்கட்டின் மூலை, எல்லாவற்றையும் பெருக்கினாள். சருகைக் கூடை கூடையாகக் கொண்டுபோய்க் குழியில் கொட்டினாள். துடைப்பத்தைச் சித்தி வைப்பதைப்போலவே தலைகீழாகச் சாத்தி வைத்தாள். சனிக்கிழமை வந்து மாற்றியிருந்த புதுக் குழாயில், சோதனைக்காக மாட்டியிருந்த மீட்டர் ஜன்னல் வழியே தெரிந்தது. பூட்டிய கதவின் இடுக்கில் முகத்தை வைத்து, பழக்கமில்லாத பழக்கமாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஊசி அசையாமல் நின்றது.

வாசலைத் தாண்டும்போது, பெருக்கிய மண்ணில் ஓர் இலை வந்து விழுந்தது. திரும்பி வந்து அதைப் பொறுக்கினாள். உள்ளங்கையில் மூடிக்கொண்டு நடந்தாள்.